பேர்

காட்பாடி ஜங்ஷனில் இறங்கியதுமே
"கோல்டன் டெம்பிள், கோல்டன் டெம்பிள்" என்று
ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்ள
திகைத்து நின்றுவிட்டாராம்.
இரண்டு ராத்திரி ரயிலில் வந்தால்
புறப்பட்ட இடத்துக்கே கூப்பிடுகிறார்களே என்று.
அது ஸ்ரீபுரம், வேறு பொன், வேறு கோயில்.
லாட்ஜ் வரவேற்பில் நான்தான் சொன்னேன்,
என் அரைகுறை இந்தியில்.

பதிவேட்டில் எழுதினேன்:
நச்சத்தர் சிங், அறுபத்தொன்று, தர்ன் தாரன் பக்கம்.
உடன், மனைவி பல்ஜிந்தர் கௌர்.
வந்த காரணம், மேற்படி.
பக்கத்தின் உச்சியில் ஒரே ஒருமுறை
ஆஸ்பத்திரி என்று எழுதியிருக்கும்,
அதற்குக் கீழே எல்லோரும் மேற்படி.

மெஸ்ஸில் ஒருநாள்
சாம்பாரில் மூழ்கிய ஒற்றை இட்லியைக் காட்டி
"இது குளம், இது ஹர்மந்தர் சாஹிப்" என்றார்.
விளிம்பிலிருந்து ஸ்பூனை நீட்டி
"இது பாலம். இதன்மேல் நடந்துதான் போக வேண்டும்."
உடனே காதைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்,
இட்லியிடமா இறைவனிடமா தெரியாது.

முதலில் தோண்டியது குளம்தானாம்,
கோயில் அப்புறம்.
பொன் அதற்கும் எவ்வளவோ அப்புறம்,
ஒரு மகாராஜா காலத்தில்,
தாமிரத் தகட்டின்மேல்.
கீழே பளிங்கில் பூவும் கொடியும் பதித்திருக்கும்.

நம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவருக்கு
அங்கே ஏறும் வழக்கமே இல்லை,
படி இறங்கித்தான் போக வேண்டும்.
"மேட்டில் கட்ட மண் கிடைக்கவில்லையா?"
"மண் இருந்தது. தலையில்தான் கனம் அதிகம்" என்று
தலைப்பாகையைத் தட்டிச் சிரித்தார்.

திசைக்கொன்றாய் நாலு வாசலாம்.
எங்கள் லாட்ஜுக்கு ஒன்றுதான்,
இரண்டாவது எங்கே என்று
தீயணைப்புத் துறை நோட்டீஸ் விட்டிருக்கிறது.

வெடி வைத்துத் தகர்த்தார்கள், கட்டினோம்.
குளத்தைத் தூர்த்தார்கள், தோண்டினோம்.
எத்தனை முறை என்று கேட்டேன்.
விரல் மடக்கிக்கொண்டே வந்தவர்
ஒரு விரலில் நின்று
கையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
பதிவேட்டில் வயது இருக்கிறது, எனக்குக் கணக்கும் வரும்.
மேலே கேட்கவில்லை.

பதிலுக்கு என் ஊரைச் சொன்னேன்:
சாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு
என்று கேலி பேசுவார்கள்.
அகழி நடுவே வெறும் கல்லாய்க் கிடந்த கோயிலுக்குச்
சத்துவாச்சாரியிலிருந்து சாமி திரும்பி வந்தாயிற்று.
பாலாறுதான் இன்னும் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே போனேன்.
பேர் என்றார் குருக்கள்,
பல்ஜிந்தர் என்றேன்.
நட்சத்திரம்?
நச்சத்தர் என்றுதான் வாயில் வந்தது.
அவராக ரேவதி என்று வைத்துக்கொண்டார்.

மாசி முடிவதற்குள் ஒரு மத்தியானம்
ஆஸ்பத்திரி வாசல் கூடையைக் காட்டி
"பேர், பேர்!" என்று கூவினார்.
"பூங்காவனம்" என்றேன்,
இத்தனை நாள் கழித்துக் கேட்கிறாரே என்று.
அவர் கேட்டது இலந்தைப் பழம்.
அந்தக் குளக்கரையிலும் ஓர் இலந்தை மரமாம்,
அதனடியில் முழுகிய தொழுநோயாளி
முழு உடம்போடு கரையேறினான் என்று கதை.
எங்களுக்குக் கரிகிரி இருக்கிறது,
மாத்திரையிலேயே குணமாகும் என்றேன்.
"அங்கே இந்த மரம் உண்டா?"
தெரியாது. இருக்கலாம்.
கால் கிலோ வாங்கி வார்டுக்கு எடுத்துப் போனார்,
நர்ஸ் விடவில்லை.
பதினான்காம் அறை ஜன்னலில்
கொட்டைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

அக்னி நட்சத்திரம் பிறந்த வாரம் காலி செய்தார்கள்.
வாசலில் தெருவுக்கு நாலு படி.
துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார் பல்ஜிந்தர்,
ஒற்றை முடியும் மிஞ்சாத தலை.
ஒவ்வொரு படிக்கும் நின்று இறங்கினார்.
நச்சத்தர் கை கொடுக்கவில்லை,
ஒரு படி முன்னால் பின்னோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்.

போகும் இடம் என்ற கட்டத்தில் பேனாவோடு நான்.
"கோல்டன் டெம்பிளா சார்?" என்றான் ஆட்டோக்காரன்.
இருவரும் சேர்ந்து தலையாட்ட
வண்டி ஸ்ரீபுரம் பக்கம் திரும்பிவிட்டது.
செருப்பில்லாமல் ஓடினேன்:
ஸ்டேஷன்பா, ஸ்டேஷன்!